அப்பா அம்மாவுக்கு முதல் ஸ்மார்ட்போன்: எதை முதலில் முடிப்பது, எந்த அனுமதியைக் கொடுப்பது

தீபாவளிக்கு முந்தைய வாரம் அப்பாவுக்கு ஒரு ஸ்மார்ட்போன் வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் எல்லா ஆப்பையும் போட்டு முடித்துவிடலாம் என்று நினைத்தேன். ஐந்து வாரம் ஆனது. ஆதார் மையத்துக்கு இரண்டு முறை, வங்கிக்கு இரண்டு முறை, சிம் கடைக்கு மூன்று முறை அலைந்தோம். போனில் எந்தக் கோளாறும் இல்லை. நான் வரிசையைத் தலைகீழாகப் பிடித்ததுதான் காரணம்.

அப்பா கோவையில் மில்லில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், வயது 71. இதுவரை பட்டன் போன்தான். உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால், கீழே சொல்லியிருக்கும் வரிசையிலேயே போங்கள். அலைச்சல் பாதியாகக் குறையும்.

1. போனுக்கு முன்னால் சிம்மைப் பாருங்கள்

முதல் கேள்வி, அந்த எண் யார் பெயரில் இருக்கிறது? பல வீடுகளில் மகன் பெயரிலோ மருமகன் பெயரிலோ வாங்கிய சிம்மைத்தான் பெரியவர்கள் பத்து வருடமாக வைத்திருக்கிறார்கள். பேசுவதற்கு அதனால் ஒரு இடைஞ்சலும் இல்லை. சிம் தொலைந்தாலோ மாற்ற வேண்டியிருந்தாலோதான் தெரியும்: யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் நேரில் போக வேண்டும். மாற்றிக்கொள்வதானால் இப்போதே மாற்றிவிடுங்கள். பழைய உரிமையாளரின் சம்மதமும் இருவரின் அடையாள ஆவணமும் வேண்டும்.

இரண்டாவது, பட்டன் போனில் இருப்பது பழைய சிம்மாக இருந்தால் 4ஜி சிம்மாக மாற்ற வேண்டும். ஆதாரோடு கடைக்குப் போனால் கால் மணி நேர வேலை. எங்களுக்கு 50 ரூபாய் ஆனது. ஆனால் சிம் மாற்றிய பிறகு 24 மணி நேரத்துக்கு அந்த எண்ணில் எஸ்எம்எஸ் போகாது, வராது. மோசடியைத் தடுக்க வைத்திருக்கும் விதி அது. எனக்கு அது தெரியாது. சிம் மாற்றிய அன்று மாலையே யுபிஐ போட உட்கார்ந்து, ஓடிபி வரவில்லை என்று மூன்று மணி நேரம் போனை அணைத்து அணைத்துப் போட்டேன். சிம் மாற்றிய நாளில் வேறு எந்த வேலையும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

மூன்றாவது ரீசார்ஜ். உள்ளே வரும் அழைப்புக்காக மட்டும் உயிரோடு வைத்திருக்கும் குறைந்த பிளானில் எஸ்எம்எஸ் அனுப்பும் வசதி பெரும்பாலும் இருக்காது. யுபிஐ ஆப் முதலில் செய்கிற வேலையே, அந்த சிம்மிலிருந்து வங்கிக்கு ஒரு எஸ்எம்எஸ் அனுப்புவதுதான். அது போகாவிட்டால் "சரிபார்க்க முடியவில்லை" என்று மட்டும் வரும், காரணம் வராது. எஸ்எம்எஸ் சேர்ந்த பிளானாகப் பார்த்துப் போடுங்கள்.

2. ஆதாரிலும் வங்கியிலும் ஒரே எண்

அரசு ஆவணங்களைப் போனிலேயே வைத்துக்கொள்ளும் டிஜிலாக்கரும் ரயில் டிக்கெட் கணக்கும் ஆதாரோடு இணைந்த எண்ணுக்கு வரும் ஓடிபியை நம்பித்தான் இயங்குகின்றன. அப்பாவின் ஆதாரில் இருந்தது, 2012 வாக்கில் யாரோ கொடுத்த, இப்போது உயிரோடு இல்லாத எண்.

எண்ணை மாற்ற எந்த ஆவணமும் வேண்டாம். ஆதார் எண்ணோடு ஆள் நேரில் போனால் போதும். ஆதார் சேவை மையம், தாலுகா அலுவலகத்தில் இருக்கும் மையம், ஆதார் வேலை செய்யும் அஞ்சலகம், சில வங்கிக் கிளைகள் எல்லாவற்றிலும் செய்கிறார்கள். கட்டணம் 50 ரூபாயாக இருந்தது, 2025 அக்டோபரிலிருந்து 75. அதற்கு மேல் கேட்டால் ரசீதில் எவ்வளவு போட்டிருக்கிறது என்று பாருங்கள். அந்த ரசீதைப் பத்திரமாக வையுங்கள். அதில் இருக்கும் எண்ணை வைத்துத்தான் நிலை என்னவென்று பார்க்க முடியும். எங்களுக்கு நான்கு நாளில் மாறியது.

அப்பாவுக்கு முதல் முறை வேலை முடியவில்லை, கைரேகை விழவில்லை. முப்பது வருடம் நூல் பிடித்த விரல்கள், ரேகை தேய்ந்துபோயிருக்கிறது. "கை கழுவிட்டு வாங்க, இன்னொரு நாள் பார்க்கலாம்" என்று அனுப்பிவிட்டார்கள். இரண்டாம் முறை வேறு மையத்துக்குப் போய், "கண் ஸ்கேன் பண்ணுங்க" என்று நாங்களே கேட்டோம். ஒரு நிமிடத்தில் முடிந்தது. உடலுழைப்பு செய்தவர்கள், வயதானவர்கள் எல்லோருக்கும் இந்தச் சிக்கல் வரும். கருவிழிப் பதிவைக் கேட்டு வாங்குங்கள்.

வங்கியில் எண் மாற்ற, கணக்கு இருக்கும் கிளைக்குப் பாஸ்புக், ஆதார் நகல் இரண்டோடும் போய் விண்ணப்பம் எழுதிக் கொடுக்க வேண்டும். செலவில்லை. அங்கேயே டெபிட் கார்டு காலாவதியாகிவிட்டதா என்றும் கேட்டுவிடுங்கள். அப்பாவின் கார்டு காலாவதியாகி ஒன்றரை வருடம் ஆகியிருந்தது, யாரும் கவனிக்கவில்லை.

3. போனும் கூகுள் கணக்கும்

போனைப் பற்றி அதிகம் சொல்லவில்லை. பத்தாயிரம் ரூபாய் சுற்றுவட்டாரத்தில் கிடைப்பதே போதும். 128 ஜிபி சேமிப்பிடம் இருக்கட்டும். குடும்ப வாட்ஸ்அப் குழுவின் காலை வணக்கப் படங்களே 64 ஜிபியை நிரப்பிவிடும். இன்னும் எத்தனை வருடம் பாதுகாப்பு அப்டேட் வரும் என்று கேட்டு வாங்குங்கள். பெட்டியையும் பில்லையும் தூக்கிப் போடாதீர்கள், கடைசியில் தேவைப்படும்.

கூகுள் கணக்கைக் கடைக்காரரிடம் போட்டுத் தரச் சொல்ல வேண்டாம். அவர் நல்ல எண்ணத்தில்தான் போட்டுக் கொடுப்பார். ஆனால் கடவுச்சொல் அவருக்குத்தான் தெரியும், சில சமயம் மீட்பு எண்ணும் அவருடையதாக இருக்கும். ஒரு நாள் போனை முழுதாக அழித்துத் திரும்பத் தொடங்க வேண்டி வந்தால், பழைய கூகுள் கணக்கைக் கேட்டு அது பூட்டிக்கொண்டு நிற்கும். வீட்டில் உட்கார்ந்து நீங்களே உருவாக்குங்கள். மீட்பு எண்ணாக உங்கள் எண்ணைக் கொடுத்து, கடவுச்சொல்லை ஒரு நோட்டில் எழுதி பீரோவில் வையுங்கள்.

போனின் மொழியைத் தமிழுக்கு மாற்றிவிடுங்கள். அனுமதி கேட்கும் பெட்டி தமிழில் வந்தால்தான் அவர்களே படித்து முடிவெடுக்க முடியும். குரல்வழித் தட்டச்சையும் பழக்கிவிடுங்கள். அம்மா இப்போது எனக்கு அனுப்பும் செய்தியெல்லாம் பேசி அனுப்புவதுதான்.

4. அனுமதிகள்: ஒரு முழு மாலையை ஒதுக்குங்கள்

இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

என் பெரியம்மாவின் வாட்ஸ்அப்புக்குத் தெரிந்தவர் எண்ணிலிருந்து ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. படம் இல்லை, ஏபிகே கோப்பு, அதாவது ஆப்பை நிறுவும் கோப்பு. அழுத்தினார். ஆப் உள்ளே இறங்கியது. எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்டது, கொடுத்தார். பத்திரிகை திறக்கவே இல்லை. அன்று இரவு கணக்கிலிருந்து 38,000 ரூபாய் இரண்டு தவணையாகப் போயிருந்தது. அனுப்பிய தெரிந்தவரின் போனும் அதே வழியில் ஏற்கனவே பறிபோயிருந்தது. ஓடிபி யாருக்கும் சொல்லக் கூடாது என்று பெரியம்மாவுக்கு நன்றாகத் தெரியும். அவர் யாருக்கும் சொல்லவில்லை. ஆப்பே படித்துக்கொண்டது.

அதனால் வீட்டில் ஒரே ஒரு கேள்வியைப் பழக்கியிருக்கிறோம்: இந்த ஆப் செய்கிற வேலைக்கு இந்த அனுமதி எதற்கு? மேப்புக்கு இருப்பிடம் வேண்டும், சரி. வீடியோ அழைப்புக்கு கேமராவும் மைக்கும் வேண்டும், சரி. டார்ச் ஆப்புக்குத் தொடர்புகள் பட்டியல் எதற்கு? அந்த ஆப்பே வேண்டாம், போனிலேயே டார்ச் இருக்கிறது.

அனுமதிகளை நான் இப்படிப் பிரித்துக்கொண்டேன்.

கேமரா, மைக், இருப்பிடம்: "ஆப்ஸைப் பயன்படுத்தும்போது" அல்லது "இந்த முறை மட்டும்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். "எப்போதும்" வேண்டாம். ஆண்ட்ராய்டு 12 முதல் வந்த போன்களில் துல்லியமான இடமா, தோராயமான இடமா என்றும் கேட்கும். வானிலை ஆப்புக்குத் தோராயம் போதும், உங்கள் தெருவில் தனியாக மழை பெய்யப் போவதில்லை. அதே போன்களில் எந்த ஆப் கேமராவையோ மைக்கையோ திறந்தாலும் திரையின் மேல் மூலையில் பச்சைப் புள்ளி தெரியும். யாரும் பேசாமல், படம் எடுக்காமல் இருக்கும்போது அந்தப் புள்ளி எரிந்தால் உங்களைக் கூப்பிடச் சொல்லுங்கள்.

புகைப்படங்கள்: ஒரு படத்தை அனுப்ப ஒரு படம் மட்டும் கொடுத்தால் போதும். புதிய போன்களில் "தேர்ந்தெடுத்த படங்கள் மட்டும்" என்ற வழி இருக்கிறது.

தொடர்புகள்: வாட்ஸ்அப்புக்குக் கொடுத்தோம். மற்றவற்றுக்கெல்லாம் மறுத்தோம். எங்கள் வீட்டு யுபிஐ ஆப் தொடர்புகள் இல்லாமலே கியூஆர் ஸ்கேன் செய்து பணம் அனுப்புகிறது.

எஸ்எம்எஸ், அழைப்புப் பதிவு: போனோடு வரும் செய்தி ஆப், வங்கி ஆப், யுபிஐ ஆப் தவிர யாருக்கும் கொடுக்காதீர்கள்.

இவை எல்லாவற்றையும் விட ஆபத்தானவை இன்னும் மூன்று இருக்கின்றன. சாதாரணப் பெட்டியாக வராமல், போனின் அமைப்புகளுக்குள் (செட்டிங்ஸ்) அழைத்துப்போய்க் கேட்கும். முதலாவது ஆக்ஸஸிபிலிட்டி. பார்வை குறைந்தவர்களுக்குத் திரையைப் படித்துக் காட்டுவதற்காக வைத்த வசதி. அதை வாங்கிக்கொண்ட ஆப், திரையில் இருப்பதை எல்லாம் படிக்கும், உங்களுக்குப் பதிலாகப் பொத்தானையும் அழுத்தும். இரண்டாவது, அறிவிப்புகளைப் படிக்கும் அனுமதி. எஸ்எம்எஸ் அனுமதி கொடுக்காவிட்டாலும் ஓடிபி அறிவிப்பாக வரும்போது இதன் வழியே படித்துவிடலாம். மூன்றாவது, பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து ஆப் நிறுவும் அனுமதி. பெரியம்மா விஷயத்தில் கதவு திறந்தது இங்கேதான். அமைப்புகளுக்குள் "தெரியாத ஆப்ஸை நிறுவு" என்று தேடி, வாட்ஸ்அப், குரோம், கோப்பு மேலாளர் மூன்றுக்கும் அணைந்திருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

கடன் ஆப்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. கடன் தரும் ஆப் தொடர்புகளையும் அழைப்புப் பதிவையும் கோப்புகளையும் தொடக்கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் 2022 விதி. வாடிக்கையாளர் சரிபார்ப்புக்காகக் கேமரா, மைக், இருப்பிடத்தை ஒருமுறை கேட்கலாம், அவ்வளவுதான். தொடர்புகள் பட்டியலைக் கேட்கும் கடன் ஆப், நாளைக்கு உங்கள் சம்பந்தி வீட்டுக்குப் போன் போட்டு மிரட்டத்தான் கேட்கிறது. உடனே நீக்குங்கள்.

5. யுபிஐ

முந்தைய படிகள் முடிந்திருந்தால் இது பத்து நிமிடம். பிளே ஸ்டோரிலிருந்து ஆப்பை இறக்கி, இரண்டு சிம் இருந்தால் வங்கியில் கொடுத்த எண் எதில் இருக்கிறதோ அதைத் தேர்ந்தெடுங்கள். யுபிஐக்கான ரகசிய எண்ணை (பின் நம்பர்) அமைக்க டெபிட் கார்டின் கடைசி ஆறு எண்ணும் காலாவதி தேதியும் கேட்கும். கார்டு இல்லாதவர்களுக்கு ஆதார் ஓடிபி வழியும் இருக்கிறது. ஆனால் ஆதாரிலும் வங்கியிலும் ஒரே எண் இருந்தால்தான் அது நடக்கும். அப்பாவுக்கு அந்த வழியில்தான் அமைத்தோம்.

முதல் 24 மணி நேரத்துக்கு 5,000 ரூபாய்க்கு மேல் அனுப்ப முடியாது. ஆஸ்பத்திரிக்குக் கட்ட வேண்டும், கல்யாணத்துக்குக் கொடுக்க வேண்டும் என்றால் அதற்கு முதல் நாள் யுபிஐ தொடங்காதீர்கள்.

பென்ஷன் வரும் கணக்கை யுபிஐயில் இணைக்க வேண்டாம் என்பது என் கறாரான கருத்து. குறைந்தபட்ச இருப்பு தேவையில்லாத அடிப்படைச் சேமிப்புக் கணக்கு ஒன்றை வேறொரு வங்கியில் தனியாகத் தொடங்கி, அதில் மாதம் மூவாயிரமோ நாலாயிரமோ போட்டு, அதை மட்டும் இணையுங்கள். என்ன தவறு நடந்தாலும் இழப்பு அந்தத் தொகையோடு நிற்கும். அப்புறம், நமக்குப் பணம் வர பின் நம்பர் போடத் தேவையே இல்லை என்பதைப் பத்து முறையாவது சொல்லிக்கொடுங்கள். "உங்களுக்குப் பணம் வந்திருக்கு, பின் போடுங்க" என்று யார் சொன்னாலும் போனை வைத்துவிட வேண்டும்.

6. அன்றாடம் கைகொடுக்கும் ஆப்கள்

டிஜிலாக்கர்: செலவில்லை. ஆதார், பான், ஓட்டுநர் உரிமம், வண்டியின் ஆர்சி எல்லாம் இதில் வந்துவிடும். சட்டப்படி அசல் ஆவணத்துக்குச் சமம், வாகனச் சோதனையில் காட்டலாம். பேப்பரைப் போட்டோ எடுத்து நீங்களே ஏற்றி வைத்தால் அந்த மதிப்பு கிடையாது. துறையிடமிருந்து நேரடியாக வந்ததற்குத்தான் மதிப்பு.

நம் ஊர் ஆட்களுக்கு இங்கே வரும் தலைவலி இனிஷியல். ஆதாரில் பெயருக்குப் பின்னால், பான் கார்டில் அப்பா பெயர் முழுதாக, உரிமத்தில் பெயருக்கு முன்னால் என்று மூன்று விதமாக இருக்கும். பெயர் பொருந்தவில்லை என்று ஆவணம் வராது. ஆதாரை மாற்றுவதா மற்றதை மாற்றுவதா என்று யோசித்து, ஒன்றை மூலமாக வைத்து மற்றவற்றைத் திருத்துங்கள். நாங்கள் ஆதாரைத் தொடாமல் பான் கார்டைத் திருத்தினோம். ரொம்பப் பழைய உரிமமாக இருந்தால் கணினிப் பதிவிலேயே இருக்காது. அசலோடு ஆர்டிஓ அலுவலகத்துக்குப் போய்ப் பதிவில் ஏற்றச் சொல்ல வேண்டும்.

ஜீவன் பிரமாண்: பென்ஷன் வாங்குபவர்களின் வருடாந்திர உயிர்வாழ் சான்று. வங்கி வரிசையில் நிற்க வேண்டாம், முகத்தைக் காட்டினால் முடிந்தது. இரண்டு ஆப் வேண்டும்: ஆதார் ஃபேஸ் ஆர்டி, ஜீவன் பிரமாண். முதல் ஆப்பை நிறுவினால் திரையில் அதன் படமே தெரியாது. இறங்கவில்லை என்று நினைத்து நான் மூன்று முறை நிறுவினேன். அது பின்னணியில் இயங்குவது, அப்படித்தான் இருக்கும். முன் கேமரா 5 மெகாபிக்ஸலாவது இருக்க வேண்டும். பிபிஓ எண் (பென்ஷன் ஆணையில் இருக்கும் எண்), ஆதார், பென்ஷன் கணக்கு எண் மூன்றையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஆப்பரேட்டர் என்று ஒருவர் முகம் பதிய வேண்டும், அது நீங்களாக இருக்கலாம். அப்புறம் பென்ஷன்காரர். கண்ணாடியைக் கழற்றி, ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழும்படி உட்கார வையுங்கள். மறுமணம், மறுவேலை பற்றிக் கேட்கும் இடங்களில் கை தவறி "ஆம்" அழுத்திவிடாதீர்கள். பிஎஃப் பென்ஷன் வாங்குபவர்கள் வருடத்தில் எந்த மாதமும் கொடுக்கலாம், கொடுத்த நாளிலிருந்து 12 மாதம் செல்லும். நவம்பர் நெரிசலில் மாட்டிக்கொள்ள வேண்டியதில்லை.

ரயில்ஒன்: 2025 ஜூலையில் வந்த ரயில்வே ஆப். முன்பதிவில்லா டிக்கெட், முன்பதிவு, பிளாட்பார டிக்கெட் மூன்றும் இதில் எடுக்கலாம். இருப்பிட அனுமதி கேட்கும், கொடுக்கத்தான் வேண்டும். காகிதமில்லாத முன்பதிவற்ற டிக்கெட்டை ரயில் ஏறிய பிறகோ பரிசோதகரைப் பார்த்த பிறகோ எடுக்கக் கூடாது என்பதற்காக, நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று அது பார்க்கிறது. நிலையத்துக்குள் போவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். ஸ்கிரீன்ஷாட் செல்லாது, ஆப்பைத் திறந்துதான் காட்ட வேண்டும். சார்ஜ் இல்லாமல் போன் அணைந்தால் டிக்கெட் இல்லாத கணக்குதான். தட்கல் எடுப்பவர்கள் ரயில் முன்பதிவுக்கான ஐஆர்சிடிசி கணக்கை ஆதாரோடு முன்கூட்டியே இணைத்துவைக்க வேண்டும்.

மின்கட்டணம்: மின்வாரியத்தின் ஆப்பிலோ யுபிஐ ஆப்பிலோ கட்டலாம், இணைப்பு எண் மட்டும் போதும். "இன்று இரவு மின் இணைப்பு துண்டிக்கப்படும், இந்த எண்ணை அழைக்கவும்" என்று தனியார் எண்ணிலிருந்து வரும் செய்தி மோசடி. சந்தேகம் இருந்தால் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் எண் 94987 94987க்கு நீங்களே பேசிக் கேளுங்கள்.

7. அவசரத்துக்கு

தமிழ்நாடு காவல்துறையின் காவல் உதவி ஆப்பைப் போட்டுவையுங்கள். இதற்கு இருப்பிட அனுமதி வேண்டும். ஆனால் ஒரு விஷயம்: பல மாதம் திறக்காத ஆப்பின் அனுமதிகளை ஆண்ட்ராய்டு தானாகவே பறித்துக்கொள்ளும். மற்ற ஆப்களுக்கு அது நல்லது. அவசர ஆப்பைத் தினமும் யார் திறப்பார்கள்? தேவைப்படும் நாளில் திறந்தால் அனுமதி கேட்டுக்கொண்டு நிற்கும். அந்த ஆப்பின் தகவல் பக்கத்துக்குப் போய், பயன்படுத்தாவிட்டால் அனுமதியை நீக்கும் பொத்தானை அணைத்துவிடுங்கள். அப்பாவின் போனில் நான் இதைக் கவனித்ததே தற்செயலாகத்தான்.

பூட்டிய திரையிலிருந்தே பார்க்கக்கூடிய அவசரத் தகவலில் ரத்த வகை, சாப்பிடும் மருந்து, உங்கள் எண் மூன்றையும் பதிந்துவையுங்கள்.

8. பணம் போனால், போன் தொலைந்தால்

பணம் போனது தெரிந்த நிமிடமே இணைய மோசடிக்கான உதவி எண் 1930ஐ அழையுங்கள். யாரிடமும் ஆலோசனை கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் முடக்க வேண்டும். கணக்கு எண், பரிவர்த்தனை எண், நேரம், தொகை நான்கையும் கேட்பார்கள். அடுத்து வங்கிக்குச் சொல்லிப் புகார் எண் வாங்குங்கள். நீங்கள் தெரிவித்த பிறகு நடக்கும் இழப்பு வங்கியைச் சேர்ந்தது என்பது ரிசர்வ் வங்கி விதி, அதனால் தெரிவித்த நேரத்துக்குச் சான்று கையில் இருக்க வேண்டும். பெரியம்மா பயத்தில் யாரிடமும் சொல்லாமல் மறுநாள் மதியம் வரை வைத்திருந்தார். திட்டுவார்கள் என்ற பயம். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம், எது நடந்தாலும் திட்ட மாட்டோம், முதலில் எங்களைக் கூப்பிடுங்கள் என்று இப்போதே சொல்லிவையுங்கள்.

போன் தொலைந்தால் முதலில் சிம்மை முடக்குங்கள், அப்புறம் காவல் நிலையத்தில் புகார். அந்தப் புகாரின் நகல், போன் பில், ஐஎம்இஐ எண் (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்), அடையாள ஆவணம் இவற்றோடு தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் போனையே முடக்கலாம். ஐஎம்இஐ எண் போன் பெட்டியின் பக்கவாட்டில் இருக்கும், போன் கையில் இருக்கும்போது *#06# அழுத்தினாலும் வரும். பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள் என்று மேலே சொன்னது இதற்குத்தான். முடக்கக் கோரும்போது ஓடிபிக்கு உங்கள் எண்ணைக் கொடுங்கள். அப்பாவுக்குப் புதிதாக வாங்கிய சிம்மில்தான் 24 மணி நேரத்துக்கு எஸ்எம்எஸ் வராதே.